ஒரே வைஃபையில் இருநூறு போன்

27 மே 2025, செவ்வாய்

பக்கத்து நகரமான மார்க்கமிலிருந்து பதில் வந்துவிட்டது! கிளினிக்குகளுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பனி. ஜூன் 12 நேர்முகம். நாற்பத்து நான்கு வயது, பதினொரு வருடம் பேக்கரியில் பாண் பொதி செய்தவள் — என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். செய்த வேலை ஒன்றைக் காட்ட வேண்டுமாம். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று: எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் யாத்திரை பஸ்ஸுக்குப் பதியும் பக்கம். அதுவும் வருகிற ஞாயிறுதான் திறக்கிறது.

29 மே, வியாழன்

என் 'துண்டுகள்' கோப்பில் இன்று நாற்பத்தொன்றாவது சேர்ந்தது. வெப் வகுப்பில் படித்தது, வலையில் பொறுக்கியது, எல்லாம் சின்னச் சின்னக் கோட். போனில் படிவம் கோணாமல் தெரிய ஏழு வரி. பக்கம் குடியிருக்கும் சேர்வரை மறுபடி இயக்க முன் பிழை பார்க்க ஒரே வரி. இன்றையது ஒரு காவல்காரன்: ஒரே இணைய முகவரியிலிருந்து நிமிடத்துக்கு ஐந்து தடவைக்கு மேல் வந்தால் கதவைச் சாத்திவிடுவான். மூன்றே வரி! கோயில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது. குசினியில் நின்று கை தட்டினேன். யூட்சன் தேத்தண்ணிக் கோப்பையோடு எட்டிப் பார்த்து, ஆருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். இந்த மனுசனைக் கட்டி இருபது வருடம்.

31 மே, சனி

நாளைக்கு. வேறொன்றும் எழுத வரவில்லை.

1 ஜூன், ஞாயிறு

இன்னும் நித்திரை வரவில்லை. சந்தோசத்தில்தான்.

பூசை முடிந்து எல்லோரும் கீழ் மண்டபத்துக்கு இறங்கினார்கள். பன்னிரண்டு மணிக்குப் பதிவு திறந்தது. தொண்ணூற்றாறு இருக்கை. நாலைந்து பேருக்குப் பதிவாயிற்று. மற்ற எல்லாப் போனிலும் ஒரே வரி — "அதிக முயற்சிகள், பிறகு வாருங்கள்." சேர்வரைப் பார்த்தால் ஒரு பாரமும் இல்லை, சும்மா இருக்கிறது. ஐயோ, பிறகென்ன? என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?

பங்குச் சபைச் செயலாளர் கிளிபோட் அண்ணை, இவ்வளவு காலமும் கொப்பியில் பெயர் எழுதியவர், அந்தக் கொப்பியோடு வந்தார்.

"பிள்ளை, நான் பேரை எழுதட்டோ?"

கோபமில்லை, இரக்கம். அதுதான் சுட்டது. பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு மடிக்கணினியோடு மேலே கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். அங்கே என் போனில் பக்கம் நன்றாகத் திறக்கிறது! மேலே திறக்கிறது, கீழே இல்லை — ஏன்?

கீழே சிக்னல் கிடையாது. இருநூறு பேரும் கோயில் வைஃபையில். வைஃபை ஒன்று, முகவரி ஒன்று. என் காவல்காரன் பங்கு மக்கள் முழுப் பேரையும் ஒரே போக்கிரி என்று நினைத்துவிட்டான்!

கார் பொனெற்றில் மடிக்கணினியை வைத்து, மூன்று வரிக்கும் முன்னால் # போட்டு முடக்கி, பிழை பார்த்து, சேர்வரை மறுபடி இயக்கினேன். படியில் இறங்கும்போதே மண்டபத்தின் ஆரவாரம் கேட்டது. பன்னிரண்டு நாற்பதுக்கு இருக்கை முடிந்தது. கிளிபோட் அண்ணையும் தன் போனில்தான் பதிந்தார்.

2 ஜூன், திங்கள்

அந்தத் துண்டை அழிக்கவில்லை, திருத்தினேன். இனி முகவரியை எண்ணாது. ஒவ்வொரு போனுக்கும் தனி அடையாளம் கொடுத்து எண்ணும். மேலே தமிழில் குறிப்பு: 'ஊரே ஒரு வைஃபையில் நிற்கும் இடத்தில் முகவரியை நம்பாதே. பட்டவள் சொல்கிறேன்.'

நேர்முகத்தில் இதைச் சொல்வதா? வாயைத் திறக்காதே என்கிறார் யூட்சன். அவர் சொல்வதும் சரிதான். ஆனால்—

12 ஜூன், வியாழன்

சொல்லிவிட்டேன்!

நேர்முகம் செய்தவர் நிலக்சி. முப்பது வயதுகூட இராது. பக்கத்தைக் காட்டினேன், தலையசைத்தார். ஏதாவது பிழை வந்ததா என்று கேட்டார். அவ்வளவுதான் — மண்டபம், கொப்பி, கார் பொனெற், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிக் கொட்டினேன். துண்டைக் காட்டச் சொன்னார். குறிப்பை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு தங்கள் சேர்வரின் கோப்பைத் திறந்து பார்த்தார். ஓரிடத்தில் விரல் வைத்தார்.

"அன்ரி... சொறி, வேரோனிக்கா. எங்கட கிளினிக் புக்கிங் பேஜிலயும் இதே லைன்ஸ்தான். வெயிற்றிங் ரூம்ல எல்லாரும் ஒரே வைஃபை."

17 ஜூன், செவ்வாய்

மார்க்கமிலிருந்து போன் வந்தது, எனக்கு வேலை தருகிறார்களாம். அவர்கள் சொல்லி முடிக்க முதலே ஓம் என்றுவிட்டேன்.

9 ஜூலை, புதன்

பல்லு வைத்தியரிடம் போனேன், புது இடம். வரவேற்பு மேசையில் இருந்த பெண் பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் கேட்டுக் கணினியில் தட்டிக்கொண்டு வந்தாள். தொழில் என்ன என்றாள்.

"வெப் டெவலப்பர்."

நிமிராமல் அதையும் தட்டிவிட்டு, மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டாள்.