கடப்பாரை கண்டுபிடித்த கோளாறு

அண்ணாச்சி, நீங்கள் கடப்பாரையோடு என் கடைக்கு வந்தீர்கள். என் உதட்டைக் கிழித்தீர்கள். என்னிடம் வாங்கிய காரை என் கண் முன்னாலேயே நொறுக்கினீர்கள். நடந்தது அவ்வளவுதான். இன்று காலை விற்பனைக்கு வந்த ஒரு காரின் கதவைத் திறந்தேன். ஈரக் கம்பளமும் நல்லெண்ணெயும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. கை தானாக உதட்டுத் தழும்புக்குப் போய்விட்டது.

பண்பொழியில் உங்கள் துஷ்டிக்குத் துக்கம் கேட்க வந்திருந்தேன். அடிதடிக்காரர் என்று ஊரே பேசிய மனிதர், தூக்கத்திலேயே போயிருந்தீர்கள். நாலு பேர் முன்னால் இதைப் பேச முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

மேலகரத்தில் என் பழைய கார் கடையிலிருந்து நீங்கள் வண்டியை எடுத்துப்போன கையோடு சாரல் காலம் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது ஒரு வளைவில் வண்டி பொசுக்கென்று அணைந்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பியது. மறுநாள் கொண்டுவந்தீர்கள். என் மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். பழுது எதுவும் இல்லை என்றது திரை. அடுத்த வாரமும் அதே கதை. தென்காசி முழுக்க ஓட்டிப் பார்த்தோம், குதிரை மாதிரி ஓடியது. "கம்ப்யூட்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லுது அண்ணாச்சி, நாம என்ன சொல்ல?" என்று திரையை உங்கள் பக்கம் திருப்பினேன். நீங்கள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மூன்றாவது முறை வண்டி வளைவில் நின்றபோது பின்னால் வந்த பஸ் மோதியது. உங்கள் மகளின் கை முறிந்தது. அவள் மடியிலிருந்த பேரப்பிள்ளைக்கு நெற்றியில் தையல்.

இருவரையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, பின்புறம் நசுங்கிய அதே வண்டியில் நேரே வந்து இறங்கினீர்கள். ஈர வேட்டியில் பிள்ளையின் ரத்தம்.

"தெரிஞ்சுதானலே என் தலையில கட்டுன?"

தெரியாது என்று சொல்லி முடிப்பதற்குள் குத்து விழுந்தது. மேசை சாய்ந்தது. ஸ்கேனரைப் பிடுங்கித் தரையில் அடித்தீர்கள். மெக்கானிக் ஸ்பேனரை ஓங்கினார். அவரை ஒரே தள்ளில் டயர் அடுக்கின்மேல் சாய்த்துவிட்டு, வண்டியின் பக்கம் திரும்பினீர்கள். கண்ணாடி போயிற்று, விளக்கு போயிற்று, கதவு மடங்கிற்று. நானும் சும்மா நிற்கவில்லை. பின்னாலிருந்து உங்கள் கழுத்தைப் பிடித்து இறுக்கினேன். எதிர்ப்புற டீக்கடைக்காரர் மட்டும் நிதானமாக, "ரோட்டுல கண்ணாடி செதறுது, உள்ள போயி அடிச்சிக்கிடுங்க" என்றார்.

என்னை உதறிவிட்டு டிரைவர் சீட்டைக் கடப்பாரையால் நெம்பினீர்கள். அதோடு தரைக் கம்பளமும் கிழிந்து வந்தது. அடியிலிருந்த பஞ்சிலிருந்து தண்ணீர் ஒழுகியது. இருவரும் குனிந்து பார்த்தோம். எஞ்சினுக்கு எரிபொருள் அனுப்பும் பம்புக்குப் போகிற ஒயர் இணைப்பு, அந்தத் தண்ணீரில் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது.

அருவியில் குளித்துவிட்டு நம் ஊரில் யார் துவட்டிக்கொண்டு வண்டி ஏறுகிறார்கள்? எண்ணெய் உடம்பும் ஈர வேட்டியுமாக அப்படியே உட்காருவதுதான் வழக்கம். சொட்டிய நீரெல்லாம் பஞ்சில் தங்கி, வளைவில் வண்டி சாயும்போது இணைப்பின்மேல் ஏறியிருக்கிறது. சமதரைக்கு வந்ததும் வடிந்திருக்கிறது. அந்த வண்டியில் ஸ்கேனர் கண்காணிக்கிற இடங்களில் இந்த ஒயர் இல்லவே இல்லை. அணையாமல் நன்றாக ஓடுகிற வண்டியில் மாட்டினால் அது என்ன சொல்லும், பாவம்.

நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, சரிசெய்து தருகிறேன் என்றேன்.

"மெசினு சொன்னாலும் நம்பமாட்டேன், நீ சொன்னாலும் நம்பமாட்டேன். ஒம் பிள்ளைகள ஏத்திக் காட்டுலே" என்றீர்கள்.

இன்றுவரை கம்பளத்தைத் தூக்கிப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் நான் விலை பேசுவதில்லை. யோக்கியன் என்பதால் அல்ல, அன்று உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டேன் என்பதால்.

உடைந்த கண்ணாடி நடுவே நின்று நாம் கைகொடுத்துப் பேசி முடித்தது இதுதான்: ஒயரை மாற்றி, நொறுங்கியதை எல்லாம் நான் சரிசெய்வது. சாரல் அடங்கும்வரை என் மனைவியையும் பிள்ளைகளையும் அருவியில் குளிக்கவைத்து, ஈரத்தோடு அதே வண்டியில் ஏற்றி, அதே வளைவில் நானே ஓட்டுவது. ஒரு தடவைகூட நிற்காவிட்டால் மட்டும் நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வது.