திறக்காத தாழ்ப்பாள்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, போனில் பேசும்போது அம்மாவிடம் வாய் தவறிக்கூட உளறிவிடாதே. நீ அங்கே நலம்தானே? இங்கே அம்மா நலம், அப்பா நலம், நான் மட்டும் என் அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய நான்கு டிரான்சிஸ்டர்களையும் வைத்து என் ரோபோ வண்டிக்கு மோட்டார் ஓட்டும் சர்க்யூட்டை முடித்துவிட்டேன். ஒரு பட்டனை அழுத்தினால் இரண்டு டிரான்சிஸ்டர் வழியாக மோட்டார் முன்னால் சுற்றும், இன்னொன்றை அழுத்தினால் மற்ற இரண்டின் வழியாகப் பின்னால். வண்டிக்குச் சக்கரம் இன்னும் வரவில்லை, சும்மா சுற்றவிட்டால் அதன் பலம் தெரியாதே என்று மோட்டாரை என் அறைத் தாழ்ப்பாளில் பொருத்தினேன். அது தானாக நகர்ந்து பூட்டியதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பூட்டும் பட்டனிலிருந்து விரலை எடுக்காமலே திறக்கும் பட்டனையும் அழுத்தித் தொலைத்தேன். "ரெண்டையும் ஒண்ணா அழுத்தினா கரன்ட் மோட்டாருக்கே போகாது, நேரா டிரான்சிஸ்டரைச் சுட்டுரும்டி" என்று நீ படித்துப் படித்துச் சொன்னது, டப்பென்று சத்தம் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. திறக்கும் பக்கத்து டிரான்சிஸ்டர் ஒன்று வெடித்துப் பிளந்துவிட்டது. பூட்டும் பட்டனுக்கு மோட்டார் முனகுகிறது, திறக்கும் பட்டனுக்கு மூச்சே இல்லை. கையால் இழுத்தால் மோட்டாரின் பற்சக்கரம் அசைய விடமாட்டேன் என்கிறது. மோட்டாரைக் கழற்றலாம் என்றால் ஸ்க்ரூடிரைவர் சமையலறையில், உன்னைக் கேட்கலாம் என்றால் போன் ஹாலில்.

அப்பாவைக் கூப்பிடலாம்தான். ஆனால் போன வாரம் என் சாமான் பெட்டியிலிருந்த ஏதோ சூடாகி மேஜைவிரிப்பு கருகியபோதே, "இன்னொரு தடவை இந்த வீட்ல புகை நாத்தம் வந்துச்சு, ரோபோவும் கிடையாது கீபோவும் கிடையாது, பெட்டியோட பழைய இரும்புக் கடைக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்வார், உனக்கே தெரியும். "பொண்ணு ஏதோ கத்துக்கறா, விடுங்க" என்று அம்மா கெஞ்சித்தான் அன்றைக்குப் பெட்டி பிழைத்தது. பெட்டி போனால் பள்ளிப் போட்டியில் என் வண்டியும் போச்சு. ஜன்னலைத் திறந்து அட்டையால் விசிறிக்கொண்டே இருக்கிறேன், வாடை போகவில்லை. அம்மா மருத்துவமனை வேலை முடிந்து வந்ததும் என்னை எட்டிப் பார்க்காமல் படுக்கமாட்டாள், அதற்குள் கதவு திறந்தாக வேண்டும். நீ வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, போனில் உன் குரல் காய்ந்துபோயிருக்கிறது என்று அம்மா புலம்புகிறாள். நீ நன்றாக இருந்தால் போதும், நான் எப்படியாவது தப்பித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அரை டிக்கெட்

இரு அக்கா, இரு. புரியாவிட்டால் யாருக்காவது எழுதிக் காட்டு என்பாயே, மேலே எழுதியதை இப்போதுதான் படித்துப் பார்த்தேன். பூட்டும் பக்கம் உயிரோடுதானே இருக்கிறது? மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினால் அதே பட்டன் தாழ்ப்பாளைத் திறக்குமே! ஈயத்தை உருக்கிச் சாலிடர் வைக்கச் சோம்பல்பட்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றியது நல்லதாகப் போயிற்று, திட்டாதே. ஒன்றை மாற்றிவிட்டேன். கதவைத் தட்டுகிறார்கள். அம்மா இல்லை, அப்பா. "என்னடி கருகுற வாடை, கதவைத் திற" என்கிறார். இன்னும் ஒரே ஒரு ஒயர்தான் அக்கா, அது மட்டும்