உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும்

மாப்ளே,

இன்று காலை படம் கழுவ ஹைப்போ மருந்து கரைத்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

போன வாரம் உன் மகள் ஒரு படத்தோடு வந்தாள். நம் ஸ்டூடியோ வாசலில் கைலி கட்டிக்கொண்டு நீ நிற்க, நான் எடுத்த படம். ஊரையே படம் பிடித்த உனக்கு இருப்பது அது ஒன்றுதான். பழுப்பேறி, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. "மாமா, எம் பையன் கேக்குறான், எங்க வாப்பா எப்படி இருந்தாங்கன்னு. ஏதாச்சும் பண்ண முடியுமா?" என்றாள்.

நம் காரைக்கால் கடையின் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நீ படங்களை முதலில் அதில்தான் அலசுவாய். "ஹைப்போ தங்குனா படம் மஞ்சளாயிரும்; உப்புத் தண்ணி அத வெடுக்குனு இழுத்துரும்டா. அப்பறம் நல்ல தண்ணியில அலசி உப்ப எடுத்துரணும்" என்பாய். "படம் கழுவுறியா, கருவாடு போடுறியா?" என்று நான் கிண்டலடிப்பேன். எனக்கு நல்ல தண்ணீர்தான் கௌரவம். ஒரு குடத்தைத் தட்டில் ஊற்றி, மாற்றாமல் அதிலேயே அத்தனை படத்தையும் முக்கி எடுத்துக் காயப்போடுவேன். உன் படத்தையும் அப்படித்தான் கழுவினேன்.

சில வருஷத்தில் அது மஞ்சளித்தபோது, கடையில் பத்துப் பேர் முன்னால், "எல்லாம் இவன் உப்புத் தண்ணி பண்ற வேலை" என்று பழியை உன் தலையில் போட்டேன். அந்தப் பேச்சால்தான் திருநள்ளாறு லாட்ஜ்காரர் மகள் கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பிடித்தார். அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை. அழுத்தக்காரன்!

பரணைக் குடைந்ததில் நெகட்டிவ் கிடைத்தது. அது நீ கழுவியது. நேற்றுக் காய்ந்தது போல, பொட்டுக் கறையில்லை. பேப்பர் வரவழைத்து இன்று பிரிண்ட் போட்டேன். முதலில் உப்புத் தண்ணீர். தட்டை ஆட்டி ஆட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி. பிறகு நல்ல தண்ணீர், நாக்கில் வைத்தால் கரிக்காமல் போகும் வரைக்கும். உன் கன்னத்து மச்சம்கூடத் துலங்கியது. இனி இது பழுப்பேறாது, எழுதியே தருகிறேன்.

சாயங்காலம் உன் மகள் வந்ததும் சொல்லிவிட்டேன். "அந்தப் பழைய படம் கெட்டதுக்கு உங்க வாப்பா காரணமில்லம்மா. கழுவுனது நான்."

அவள் சிரித்தாள். "தெரியும் மாமா. வாப்பா அப்பவே சொன்னாங்க. 'அவன்ட்ட கேட்டுறாத, சண்டைக்கு வருவான்'னு."

சண்டைக்குத்தான் வந்து நிற்கிறேன். எங்கேடா போனாய்?