அப்பா பேரில் பிடித்த வரி

ஜன. 6, திங்கள்

காலையில் உறைபனி. ஹாஸ்டல் வாளித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. டிசம்பர் ட்யூஷன் பணம் வந்தது. முக்கால்வாசியைக் காணோம், வரி பிடித்தமாம். செமஸ்டர் பீஸ் கடைசி நாள் பிப். 5.

வாங்க வேண்டியது: கம்பளி சாக்ஸ், தைலம், ரீஃபில். முதல் இரண்டும் வேண்டாம்.

ரூம்மேட் ரம்யா: "படிக்கிறவங்களுக்கு வரியே கெடையாதுடி. 15ஜி ஃபாரம் எழுதிக் குடு, விட்ருவாங்க." பிரிண்ட் எடுத்தாயிற்று.

ஜன. 7, செவ்வாய்

ட்யூஷன் சென்டரில் கணக்குப் பார்க்கும் செல்வியக்கா ஃபாரத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "ஏனுங் கண்ணு, இது பேங்க் வட்டிக்குக் குடுக்கறதுங்க. பாடம் எடுக்கற பீசுக்குச் செல்லாது. படிக்கறவங்கன்னு தனிச் சலுகையும் இல்லீங்க."

வருஷ மொத்தம் வரம்பைத் தாண்டியதும் ஏப்ரலிலிருந்து கணக்குப் போட்டு ஒரேயடியாகப் பிடித்தார்களாம். ஆனால் என் வருமானத்துக்கு வரி வராது, ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும் என்றார். உயிர் வந்தது. பிறகு நான் சேரும்போது கொடுத்திருந்த பான் கார்டு ஜெராக்ஸை எடுத்தார்.

"இது யாருதுங்க, ஆம்பளப் பேரு?"

அப்பாவுடையது. பள்ளியிலிருந்து எந்த ஃபாரத்திலும் அப்பா வேலை, அப்பா வருமானம், அப்பா கையெழுத்துதானே. அந்தப் பழக்கத்தில் அவர் கார்டைக் கொடுத்துவிட்டேன். முட்டாள். முட்டாள்.

"அப்ப பிடிச்சதெல்லாம் அவரு பேர்ல போயிருக்குதுங்க. திருத்தறதுன்னா ஆடிட்டர்கிட்டக் கேக்கோணும். அப்பாகிட்டச் சொல்லிருங்க."

சொல்வதாம்! நான் ட்யூஷன் எடுப்பதே அவருக்குத் தெரியாது. ஸ்காலர்ஷிப்பில் படிக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அது போன வருஷமே நின்றுவிட்டது. தெரிந்தால் தேயிலை எஸ்டேட் பேக்டரியில் மறுபடி ரெண்டாவது ஷிப்டும் கேட்பார். முன்பு அப்படிப் பார்த்துத்தான் இலை வாட்டும் மாடியில் மயங்கி விழுந்தார்.

ஜன. 19, ஞாயிறு

என் பேரில் பான் விண்ணப்பம், முடிந்தது. ஆடிட்டர் ஊரில் இல்லை. ரம்யாவிடம் கடன் கேட்க வாய் வரவில்லை.

அப்பா போன். "குளுருக்கு சாக்ஸ் வாங்கிக்கிட்டயா கண்ணு?"

வாங்கிவிட்டேன் என்றேன். இன்னொரு பொய்.

பிப். 3, திங்கள்

மூடுபனி. பத்தடி தள்ளி ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் அப்பா போன்.

"ட்யூஷன் வாத்தியாரு பேசறேன்."

விளையாடுகிறார் என்று சிரித்துவிட்டேன்.

"வரி ஆபீசுலருந்து இங்கிலீசுல மெசேஜ் வந்துது. ஆபீஸ் கிளார்க்குகிட்டக் காட்டினேன். நான் ஊட்டில பாடம் எடுக்கறனாமா, வரி புடிச்சிருக்காங்களாமா. அஞ்சாவது தாண்டாதவன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சேன்."

பின்னால் பேக்டரி மெஷின் சத்தம்.

"எத்தன மாசமா கண்ணு?"

"பத்து."

"பீசு எப்பக் கட்டோணும்?"

"அஞ்சாந்தேதி."

திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

"செரி, வெச்சிரு. ரெண்டாவது ஷிப்டுக்கு மணி அடிச்சுட்டாங்க."