ஆடி போகட்டும்னு சொன்னேன்

ஆவணி 1, ஞாயிறு
காலைல இருந்து தூறல். சாயப்பட்டறை லீவு. போனாலும் நூல் காயாது.

நல்ல நேரம் பாத்து, விபூதி வெச்சுவிட்டு, திவ்யாவை லேப்டாப் முன்னால உக்கார வெச்சேன். ‘இப்ப அனுப்பும்மா.’ எந்தெந்த ஊர்லயோ இருக்கறவங்க சம்பளமில்லாம சேந்து எழுதற காலண்டர் புரோகிராம். பிரிண்ட் எடுத்தா சில மாசத்துல கடைசி வாரம் காணாம போவுது. கண்டுபிடிச்சது என் பொண்ணு. சரி பண்ணதும் அவதான். ஆடி பாதியிலேயே ரெடி. ‘முத முதல்ல அனுப்பற, ஆடில வேணாம், போகட்டும்’னது நான். பத்தாவது ஃபெயிலு, பஞ்சாங்கத்துல மட்டும் டாக்டர் பட்டம்.

அனுப்பினா. டீ ஆறறதுக்குள்ள பதில். அதே தப்பை வேற ஒருத்தன் போன வாரமே சரி பண்ணி அனுப்பிட்டானாம், சேத்தாச்சாம். நன்றி. இது தேவையில்லை. இவ அனுப்பினதை மூடிட்டாங்க.

அவன் ஊர்ல ஆடி கெடையாது போல.

திவ்யா எழுந்து போய் மூஞ்சி கழுவிக்கினா. விபூதி போச்சு.

ஆவணி 3, செவ்வாய்
நல்ல வெயில். அரக்குச் சாயம் ரெண்டு தொட்டி. கை முழுக்க அரக்கு.

பொண்டாட்டி சாந்தி இன்னிக்குத்தான் சொல்றா. சென்னைல ஒரு கம்பெனி. படிச்சு முடிச்சு வீட்ல கெடந்தவ வேலை கேட்டதுக்கு பதில் போட்டது அது ஒண்ணுதான். இந்த மாதிரி பொது புரோகிராம்ல ஒரு வேலையாவது ஏத்துக்கினதா லிங்க் காட்டணுமாம். அடுத்த வாரம் வெள்ளி கடைசி நாள்.

‘எங்கிட்ட ஏன் சொல்லல?’

‘சொல்லியிருந்தா அதுக்கும் ராகு காலம் பாத்திருப்பீங்க.’ பொண்டாட்டி.

ஞாயித்துக்கிழமைல இருந்து திவ்யா என்னை அப்பான்னு கூப்டறதில்ல. சுவத்தைப் பாத்து ‘சோறு போட்டாச்சு’ன்றா. நம்ம வீட்டு சுவத்துக்கு வந்த மரியாதை.

வாங்க வேண்டியது: உப்பு, விளக்குத் திரி, போன் ரீசார்ஜ்.

ஆவணி 5, வியாழன்
புழுக்கம். வேற எதையாவது சரி பண்ணி அனுப்பேம்மான்னேன்.

‘வேணாம். பட்டுக் கடைல பில் போடற வேலை. சதுர்த்தி முடிஞ்சு வரச் சொல்லிட்டாங்க.’ இதுவும் சுவத்துகிட்டதான்.

கடை வேலைல ஒண்ணும் கேவலமில்ல. சொல்லும்போது அவ கண்ணுல ஒண்ணுமே இல்ல. அதான்.

ஆவணி 7, சனி
அவ கோயிலுக்குப் போன நேரம். லேப்டாப்பைத் தொறந்தேன், சொந்த வீட்லயே திருடன். தொணைக்கு யூசுப் பாய். பட்டறைல கணக்கு எழுதறவர், இங்கிலீஷ் நல்லா வரும்.

அந்தக் காலண்டரைத் தமிழ்ல வெச்சா ஒரே ஒரு வரி மட்டும் இங்கிலீஷ்லயே நின்னுக்கினு இருக்குது. பாய் அர்த்தம் சொன்னார், தமிழ்ல நான் போட்டேன்: ‘மூடும் முன் சேமிக்கவா?’ ஏத்துக்கினா லிங்க்கை அவகிட்ட குடுத்துடலாம், கம்பெனில காட்டிடுவா. இதான் என் திட்டம். அனுப்பறது யாருன்னு மொதல்ல பேர் கேட்டுது. ஏகாம்பரம்னு போட்டேன். என்னைக் கேட்டா என் பேரைத்தானே சொல்லுவேன்.

அனுப்பும்போது சரியா ராகு காலம். இருக்கட்டும். பட்டன் மேல அரக்குக் கறை. தொடச்சும் போவல.

ஆவணி 9, திங்கள்
மழை. ஏத்துக்கினாங்க! ‘உங்கள் முதல் பங்களிப்பு, வாழ்த்துகள்’ன்னு பாய் படிச்சார். பட்டாசு படம் வேற.

அப்பறம்தான் உறைச்சுது. எம்பேர்ல இருக்குது. ராப்பகலா உழைச்சவளுக்கு கதவை மூடினாங்க, ஒத்தை வரி எழுதின எனக்கு பட்டாசு.

‘பாய், கரண்ட் மீட்டருக்குப் பேர் மாத்தறாங்களே, அது மாதிரி கேட்டுப் பாக்கலாமா?’

‘கேக்கறதுல இன்னா ஏகா, கேளு.’

நான் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷ்ல அடிச்சார். ஐயா, வணக்கம். இதை என் மகள் திவ்யா பேருக்கு மாத்தித் தரணும். அவள் லேட்டா அனுப்பினதுக்கு நான்தான் காரணம். எங்க ஊர்ல ஆடி மாசம். வெள்ளிக்குள்ள மாத்தினா புண்ணியம்.

ஆவணி 11, புதன். பிள்ளையார் சதுர்த்தி
கொழுக்கட்டை பாதி வெடிச்சுப் போச்சு. பதில் வந்துச்சு. செஞ்சவர் பேரை மாத்தற வழக்கம் இல்லையாம். மகள் வேற எது அனுப்பினாலும் சந்தோஷமா பாப்பாங்களாம். கீழ யார் யாரோ வந்து ஆடின்னா இன்னான்னு கேக்கறாங்க. ஒருத்தன் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கான்.

மனு குடுத்தேன்னு நெனச்சேன். நான் எழுதினது போஸ்டர். உலகமே படிக்குது. அந்தப் புரோகிராம்ல யார் இன்னா எழுதினாலும் திவ்யா போனுக்கு சேதி போவுமாம், பாய் சொல்றார்.

அப்ப திங்கக்கிழமையே படிச்சிருக்கா. படிச்சிட்டு எனக்கு ரசம் ஊத்தியிருக்கா.

ஆவணி 13, வெள்ளி
வெயில். கடைல குடுத்த யூனிஃபார்ம் புடவை கட்டிக்கினு கிளம்பினா. பஸ் ஸ்டாப்ல விடறேன்னேன். நடந்தே போனா. கம்பெனிக்கு ஒண்ணும் அனுப்பல, சாந்தி கேட்டுச் சொன்னா.

மத்தியானம் நூல் புழிஞ்சிக்கினு இருந்தேன். பாய் போனோட வந்து நின்னார். நான் எழுதினதுக்குக் கீழ திவ்யா இங்கிலீஷ்ல ஒரு வரி போட்டிருக்கா.

‘படிங்க பாய்.’

‘வேணாம் ஏகா.’

‘அட, படிங்கன்றேன்.’

‘எங்கப்பா எழுதினதை யாரும் பெருசா எடுத்துக்காதீங்க, மன்னிச்சிருங்கன்னு இருக்குதுபா.’

‘எங்கப்பான்னே போட்டிருக்குதா?’

‘போட்டிருக்குது.’