இல்லாத பம்பில் ஒரு கசிவு

ஜூன் 3, செவ்வாய்

ஜெனரேட்டர் ஓடவில்லை. தகவலுக்கு ஆதாரம் என் வலது தோள். மின்சாரம் போனதும் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்க் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தேன். இருமியது, அவ்வளவுதான்.

மனைவிக்குப் போன் செய்தேன். மருமகளின் பிரசவத்துக்கென்று மகன் வீட்டுக்குப் போனவள். குழந்தை இப்போது தவழ்கிறது. நான் நிருபராகச் செய்திக்காக ஊர் சுற்றிய காலமெல்லாம் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டது அவள்தான்.

"பெட்ரோல் எப்ப ஊத்தினீங்க?"

"நீ ஊத்தினதுதான் இருக்கு."

"நான் ஊத்தினதா? அது கெட்டே போயிருக்கும். எந்த மந்திரி வீட்டுக்கு யார் வந்துட்டுப் போறாங்கன்னு தெரியும், சொந்த வீட்டுல ஒண்ணும் தெரியாது!" சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாயிற்று.

ஜூன் 4, புதன்

அவள் போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். பழைய பெட்ரோலை வடித்தேன், வார்னிஷ் நாற்றம். கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பிசின் போல மஞ்சள் படிவு. துடைத்து மாட்டிப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன்.

"கொட்டகைக்குள்ள வச்சு ஓட்டாதீங்க. புகை ஆளையே கொன்னுடும்."

வெளியே இழுத்து வைத்துக் கயிற்றை இழுத்தேன். பிடித்துக்கொண்டது! போனை அதன் பக்கம் நீட்டினேன்.

"கேக்குது, கேக்குது. என் காது போயிடும், நிறுத்துங்க."

ஜூன் 7, சனி

ஸ்பார்க் பிளக்கின் முனை முழுக்கக் கரி. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். "முதல்ல கையால திருகுங்க, அப்புறம் ஸ்பானர். அவசரப்பட்டு மரையை அறுத்துடாதீங்க." ஒரு பிளக்கைப் பற்றி இவ்வளவு நேரம் பேச முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

அவளிடமிருந்து போன் வரவில்லை.

ஜூன் 11, புதன்

ஏர் ஃபில்டரின் பஞ்சைச் சோப்பு நீரில் அலசிக் காயவைத்தேன். ஆயிலையும் மாற்றினேன். அதைச் சொல்லக் கூப்பிட்டால் மகன் எடுத்தான்.

"அம்மா இங்கயே இருக்கட்டும்ப்பா. நீங்களும் வந்துடுங்க."

"அம்மா என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

'கருத்துக் கூற மறுத்துவிட்டார்' என்று எத்தனை செய்தியை முடித்திருக்கிறேன்! அதைப் படிக்கிறவன் பாடு இன்றுதான் புரிகிறது. சொல்லாமல் இருப்பது சம்மதமா? மறுப்பா?

ஜூன் 14, சனி

எல்லாம் சரியாக ஓடுகிறது. அதுதான் சிக்கல்.

"ஜெனரேட்டர் எப்படி?"

"நல்லா ஓடுது."

"அப்ப சரி. வச்சிடவா?"

பிறகு சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூன் 16, திங்கள்

பொய் சொன்னேன். ஜெனரேட்டரின் பெட்ரோல் பம்பில் கசிவு என்றேன்.

"எந்தப் பம்புல?"

"அதான்... டாங்கிக்குக் கீழ."

"அதுல பம்பே கிடையாதுங்க. டாங்கி மேல இருக்கு. பெட்ரோல் தானா கீழ இறங்கும்."

யாரிடமும் விசாரிக்காமல் அனுப்பிய செய்தி. இந்த வயதில். என்ன சொல்லிச் சமாளிப்பது?

"வான்னு கூப்பிடத் தெரியாதா உங்களுக்கு? இத்தனை மாசத்துல ஒரு தடவை?"

"நீ அங்க சந்தோஷமா இருக்கேன்னு..."

"யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானே எழுதிக்கொண்டது.

"வா," என்றேன். "வந்துடு. வீட்டுல இருக்க முடியலை."

குழந்தை அழுதது. "இருங்க," என்று போனவள் திரும்பி வரவில்லை. வெகுநேரம் காதிலேயே வைத்திருந்தேன்.

ஜூன் 18, புதன்

மகன் கூப்பிட்டான். குரலில் வருத்தமா கோபமா, பிரித்தறிய முடியவில்லை.

"அம்மா டிக்கெட் பாக்கச் சொல்றாங்க. என்னப்பா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"வரச் சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். திரும்பிப் போகவும் சேர்த்தா டிக்கெட், இல்லை வர மட்டுமா என்று கேட்டேன்.

"அதை அம்மா இன்னும் சொல்லலப்பா. ஞாயித்துக்கிழமை அவங்களே உங்களைக் கூப்பிடுறாங்களாம்."