கோடு கீறாத செங்கல்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நல்லபடியாக இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது, கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே என்று எத்தனை தடவைதான் சொல்வது. சமையலறை ஒழுக்கு அப்படியே இருக்கிறது. மேல்வீட்டுத் தையல்காரர் தன் குழாய் இல்லை என்கிறார், நான் அவர் குழாய்தான் என்கிறேன், இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு திரிகிறோம், நடுவில் வாளி மட்டும் ஒழுங்காக வேலை பார்க்கிறது. போன வாரம் போனில் கேட்டாய், அம்மா ஏன் ஒரு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று. மூட்டுவலி என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய். அவள் என்னோடு பேசுவதை விட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. தப்பு என்னுடையது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆற்றங்கரையில் நான் வேலை பார்த்த பழைய மதில் உனக்கு நினைவிருக்கும். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்தவர்கள் முதன்முதலாகக் கிடங்கு கட்டி உட்கார்ந்த இடம். அந்தக் கிடங்கை இப்போது அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு மதிலைப் பழுதுபார்த்த எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பெரிய மனிதன் மாதிரி அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். துருப்பிடித்த பூட்டு, தராசு, உடைந்த சீசா, கரையான் தின்ற வரைபடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மூன்றாவது அறைக்கு வந்தோம். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றைச் செங்கல், அதில் ஒரு பிள்ளையின் கால்தடம். முதல் குடியேறிகளின் குழந்தை, வயது சுமார் ஐந்து என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற வழிகாட்டிப் பெண், அது கப்பல் தலைவனின் ஒரே மகன் என்றும் நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடினான் என்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கூட இருந்து பார்த்தவள் போல அளந்துகொண்டிருந்தாள். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. நம்ம வாலுங்க இது, என்றாள்.

வாலு என்று நாங்கள் கூப்பிட்ட உன் அண்ணனை நீ பார்த்ததில்லை. நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால், ஆறு வயது முடிவதற்குள், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். நாளைக்கு எடுக்கலாம் நாளைக்கு எடுக்கலாம் என்று ஒரு போட்டோகூட எடுக்காமல் விட்டுவிட்டோம். அவன் வலது கால் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், செங்கல்லில் அந்த விரல் அப்படியே இருந்தது. அது அங்கே எப்படிப் போனது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மதிலில் கல் உதிர்ந்த இடத்தில் வைப்பதற்காக அதே ஆற்று மண்ணை எடுத்து, பழைய அளவிலேயே அச்சு செய்து, கல் அறுத்துச் சூளை போடுவோம். எது பழசு எது புதுசு என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதனால் புதுக் கல் ஒவ்வொன்றிலும் ஈரம் காய்வதற்குள் ஆணியால் ஒரு கோடு கீறிவிட வேண்டும். அது என் பொறுப்பு. அன்றைக்கு நான் கோடு கீறிக்கொண்டிருந்தபோது வாலு காயப்போட்ட வரிசைமேல் ஏறி ஓடினான். குச்சியை எடுத்துக்கொண்டு துரத்தினேன். பிடித்துத் தொடையில் இரண்டு வைத்தேன். அவன் அழுத அழுகையில் எனக்கே தாங்காமல் தூக்கி வைத்துக்கொண்டு அவன் தூங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அந்த வரிசை முழுக்கக் காய்ந்துவிட்டது, ஆணி இறங்கவில்லை. கல் வேறு பற்றாக்குறை. யார் கேட்கப் போகிறார்கள் என்று அப்படியே சூளையில் அடுக்கினேன், தடம் பதிந்த முகத்தைக் கீழே போட்டுக் கலவைமேல் வைத்துக் கட்டியும்விட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் மழையில் அந்தப் பக்கம் சரிந்து, தடம் வெளியே தெரிந்திருக்கிறது. கல்லில் கோடு இல்லை, அதனால் பழசு என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மா வாராவாரம் செவ்வாய்க்கிழமை கிளம்பிவிடுவாள். வாசல் காவலர் தன் முக்காலியை அவளுக்குப் போட்டுக் கொடுப்பார். ஒரு மணி நேரம் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்து, நன்றாகச் சாப்பிடுவாள், தூங்குவாள். அட்டையில் என்ன எழுதியிருந்தால் எனக்கென்ன என்பாள். நான்தான் பொறுக்கவில்லை. என் பிள்ளையை எவனோ கப்பல்காரன் மகன் என்று ஊரே பார்த்துவிட்டுப் போகிறதே என்று வயிறு எரிந்தது. உண்மையைச் சொன்னால் அட்டையை மாற்றுவார்கள், ஒருவேளை கல்லையே நம்மிடம் கொடுத்துவிடுவார்கள் என்று முட்டாள்தனமாக நம்பினேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே அருங்காட்சியகக் காப்பாளர் அம்மாளிடம் போய், கோடு கீறாமல் விட்டது உள்பட ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். நல்ல மனுஷிதான், நாற்காலி போட்டு உட்காரவைத்து எல்லாம் எழுதிக்கொண்டார். கல்லின் ஓரத்தில் கொஞ்சம் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், சூளையில் வெந்தது எப்போது என்று தெரிந்துவிடுமாம். நான் சொன்னது சரி என்று வந்தது. உடனே கல்லைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழசு இல்லை, அதனால் காட்சிக்கு வைக்க முடியாதாம். பதிவேட்டில் ஏறிவிட்டது, அதனால் வெளியே கொடுக்கவும் முடியாதாம். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தலைமைக் கிடங்குக்கு மரப்பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா போனபோது அந்த இடத்தில் ஒரு மைக்கூடு இருந்திருக்கிறது.

அவள் திரும்பி வந்து அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, யார் புள்ளையாவோ இருந்துட்டுப் போறான்னுதானே விட்டிருந்தேன், அங்க இருந்தானே, உங்களுக்கு அதுகூடப் பொறுக்கலையா, என்று கேட்டாள். அவ்வளவுதான், அன்றோடு பேச்சு நின்றது. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள், செவ்வாய்க்கிழமை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை சின்னக்குட்டி. வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லித் தப்பித்திருக்கிறேன், இந்த ஓர் உண்மையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவனை இரண்டாவது தடவை நானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

கிடங்கில் இருப்பதைப் பார்க்க மனுப் போடலாம் என்று காவலர் சொன்னார். வருடத்துக்கு ஒரு தடவை அம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டினாலும் போதும் என்று படிவம் வாங்கி வந்தேன். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கான படிவம் அது. பொருளுக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள தொடர்பு என்று ஒரு கட்டம் இருந்தது. வெகுநேரம் யோசித்து, தகப்பன் என்று எழுதி அனுப்பினேன். நேற்று திரும்பி வந்துவிட்டது. அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, சரியான விடை எழுதவும் என்று குறித்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு அவசரப்பட்டுக் கிளம்பி வராதே, பேத்திக்குப் பரீட்சை நேரம். மாப்பிள்ளையை அனுசரித்துப் போ, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும், பேத்திக்கு என் முத்தம். அம்மாவிடம் போனில் பேசும்போது இந்தப் படிவத்தைப் பற்றி மூச்சு விடாதே, நான் மனுப் போட்டதே அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உனக்கும் உன் அண்ணனுக்கும் அப்பா